ஐஸ்லாந்தைப் பற்றி அப்பா கேட்கச் சொன்னவை

குளுவாங்,
தைப்பூசம் முடிஞ்ச வாரம்.

அன்பு மகள் பிரவீனாவுக்கு,

அம்மா எழுதுறேன். இங்க மழை விட்டு வெயில் ஏறிடுச்சு, என் முட்டிவலியும் மழையோடவே போயிடுச்சு, அப்பாவுக்குப் பிரஷர் மாத்திரை ஒழுங்கா போகுது, மத்தபடி சாமி புண்ணியத்துல வீட்டுல ஒரு குறையும் இல்ல. நீயும் உன் வயித்துல இருக்கிற சின்ன உயிரும் அந்தப் பனிக்கு நடுவுல கதகதப்பா இருக்கணும், அது ஒன்னுதான் இப்ப என் வேண்டுதல். ரெண்டு நாளைக்கு ஒருக்கா போன்ல பேசிக்கிட்டுதானே இருக்கோம், இப்ப எதுக்கு இந்தம்மா பேனாவும் பேப்பருமா உக்காந்துட்டாங்கன்னு நீ நினைப்ப. போன்ல சொன்னா அப்பா காதுல விழும், வாட்ஸப்ல எழுதினா என் போனை எடுத்துப் பாக்கிறாரு, இப்பல்லாம் ஏன் பாக்கிறாருன்னு பின்னால சொல்றேன். எதிர்வீட்டு ஹேமநாதன் சிங்கப்பூர்ல வேலை செய்யிறான்ல, அவன் அங்கிருந்து பார்சல் அனுப்பிடறேன் ஆன்ட்டின்னு சொன்னான். பிரசவ மருந்துப் பொடி, நல்லெண்ணெய், நான் துவைச்சுத் துவைச்சு மெத்துன்னு ஆக்கின பழைய வேட்டித் துணி நாலு, எல்லாம் வச்சிருக்கேன். துணிக்கு நடுவுல இந்தக் கடிதம். தனியா உக்காந்து படி.

தீபாவளிக்கு முந்தி நீ போன் பண்ணினியே, அந்த ஆளு டென்மார்க்குக்கே திரும்பிப் போயிட்டாரு, கல்யாணம்லாம் இல்லம்மா, ஆனா பிள்ளைய நான் பெத்துக்கப் போறேன்னு, அப்ப போன் ஸ்பீக்கர்ல இருந்துச்சு. அப்பா பக்கத்துலதான் பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தாரு. நான் உன்கிட்ட அதைச் சொல்லல, சொல்லியிருந்தா நீ அன்னைக்கு அதைச் சொல்லியிருக்க மாட்ட. அவர் பேப்பரை மடிச்சு வச்சாரு, வெளிய போயி காரைக் கழுவினாரு, முந்தின நாள்தான் கழுவின காரு. அதுக்கப்புறம் வீட்டுல உன் பேரே கிடையாது. நீ போன் பண்ணினா எழுந்து பின்பக்கம் போயிடுவாரு. நீயும் அப்பா எங்கன்னு கேப்ப, நானும் பாசாருக்குக் காய் வாங்கப் போயிருக்காரு, கோப்பிக் கடைக்குப் போயிருக்காருன்னு சொல்லுவேன். எனக்கு அவர் கோவத்தைக் கண்டா பயம் இல்ல பிரவீனா, வாழ்நாள் பூரா ரயில் எஞ்சின் சத்தத்துக்கு மேல கத்திப் பேசிப் பழகின மனுஷன், கோவம் வந்தா நம்ம தாமான் வீடுங்க முழுக்கக் கேக்கும். இது கோவமும் இல்ல. சாப்பிடுவாரு, தூங்குவாரு, நான் பிளவுஸ் தைக்கிறப்ப எதிர்ல உக்காந்து மெஷினையே பாத்துக்கிட்டு இருப்பாரு. இந்த மனுஷன் இப்படியே ஊமையா போயிடுவாரோன்னு நினைச்சேன்.

அப்புறம் டிசம்பர்ல, மழை விடாம கொட்டிச்சே அந்த வாரம், ஒரு காலையில தோசை ஊத்திக்கிட்டு இருக்கேன், பின்னால வந்து நின்னு, ஏன் கஸ்தூரி, அந்த நாட்டுல ரயிலே கிடையாதாமே, நெசமான்னு கேட்டாரு. நான் மாவைக் கல்லுக்கு வெளிய ஊத்திட்டேன். எந்த நாட்டுலன்னு நானும் தெரியாத மாதிரி கேட்டேன். அதான், உன் மக இருக்கிற ஐஸ்லாந்துலன்னாரு. எனக்கு எப்படித் தெரியும், வேணும்னா அவளைக் கேளுங்கன்னேன். நீ கேளு, நான் கேட்டதா சொல்லாதன்னு சொல்லிட்டுத் தட்டை எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. அன்னைக்கு ராத்திரிதான் நான் சம்பந்தமே இல்லாம உன்கிட்ட ரயிலைப் பத்திக் கேட்டது. நீ சிரிச்சே. கிடையாதும்மா, எல்லாம் பஸ்ஸும் காரும் பிளேனும்தான், நூறு வருஷத்துக்கு முந்தி ரெய்க்யாவிக்ல துறைமுகம் கட்டும்போது கல் ஏத்துறதுக்கு ரெண்டு சின்ன எஞ்சின் ஓடிச்சு, வேலை முடிஞ்சதும் நிறுத்திட்டாங்கன்னு சொன்னே. நான் அப்படியே போய்ச் சொன்னேன்.  அப்ப ரெண்டு எஞ்சின் இருந்திருக்குன்னு சொன்னாரு, ஏதோ அந்த நாட்டு மேல இருந்த பெரிய குறை ஒன்னு தீந்த மாதிரி.

அதுக்கப்புறம் நான் உன்கிட்ட கேட்ட கேள்வி கிட்டத்தட்ட எல்லாமே அப்பா கேட்கச் சொன்னதுதான். இதைச் சொல்லத்தான் முக்கியமா எழுதுறேன். அம்மாவுக்கு என்ன ஆச்சு, புவியியல் பரீட்சைக்குப் படிக்கிறீங்களான்னு நீ கிண்டல் பண்ணினியே, நான் என்னத்தைச் சொல்ல. குழாயில வர்ற சுடுதண்ணி பூமிக்கு அடியிலேர்ந்தே சூடா வருதா, அதுல கந்தக வாடை அடிக்குமா, அந்தத் தண்ணியக் குழாய் குழாயா ஓடவிட்டுத்தான் வீட்டுச் சுவரெல்லாம் சூடாக்குறாங்களா, இதெல்லாம் அவர்தான். கண்ணாடி வீட்டுக்குள்ள வாழை போட்டு, பனி கொட்டுற ஊர்ல குலை தள்ள வைக்கிறாங்கன்னு நீ சொன்னப்ப அவர் நம்பவே இல்ல, பின்னாடி நம்ம வாழையடியில போயி ரொம்ப நேரம் நின்னாரு. நாட்டோட அளவு நம்ம தீபகற்பத்துல முக்கால்வாசி இருக்கு, ஆனா ஜனம் நம்ம குளுவாங் மாவட்டத்தை விடக் கொஞ்சம்தான் கூடன்னு கண்டுபிடிச்சதும், அப்ப ராத்திரியில ரோட்ல யாருமே இருக்க மாட்டாங்களே, இவ எப்படி வீட்டுக்குப் போறான்னு என்னைப் போட்டு நச்சரிச்சாரு. மறுநாள் நான் உன்னைக் கேட்டேன்ல, வேலை முடிஞ்சு யாரோட வர்றன்னு. உங்க அக்குரேரி ஊர்ல ரோட்டு சிக்னல் சிவப்பு விளக்கு இதய வடிவத்துல இருக்குன்னு போட்டோ அனுப்பினியே, அதை என் போன்ல இருந்து தன் போனுக்கு அனுப்பத் தெரியாம, என் போன் திரையைத் தன் போன்ல போட்டோ எடுத்து வச்சிருக்காரு. என் போனை ஏன் எடுத்துப் பாக்கிறாருன்னு இப்பப் புரியுதா.

டவுன் லைப்ரரியில ஒரு புத்தகம் எடுத்துட்டு வந்தாரு, படத்தோட. அதைப் படிச்சிட்டுக் கோப்பிக் கடையில போயி, அவரோட ரயில் ஓட்டின அர்ச்சுனன் மாமா இருக்காருல்ல, அவர்கிட்டதான் பாடம் நடத்துறது. முதமுதல்ல அந்தத் தீவுல குடியேற வந்த ஆளு, கரை தெரிஞ்சதும் தன் வீட்டு ஆசனத்தோட மரத்தூண் ரெண்டைக் கடல்ல போட்டானாம், அது எங்க ஒதுங்குதோ அங்கதான் வீடு கட்டுவேன்னு. அது கிடைக்கவே சில வருஷம் ஆச்சாம். ஒதுங்கின இடத்துல ஆவி ஆவியா புகை வந்துச்சாம், அதான் புகை விரிகுடான்னு அர்த்தம் வர்ற மாதிரி ரெய்க்யாவிக்னு பேரு வச்சாங்களாம். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்தியே அவங்க திறந்த வெளியில கூடி சபை நடத்தியிருக்காங்க, ஒருத்தர் பாறை மேல நின்னு நாட்டுச் சட்டத்தை மனப்பாடமா சொல்லுவாராம். அந்த இடத்துல பூமியே ரெண்டாப் பிளந்து வருஷா வருஷம் விரல் அகலத்துக்கு விலகிக்கிட்டே இருக்காம். அர்ச்சுனன் மாமா அலமாக்னு தலையில கை வச்சு, அப்ப உன் மக எந்தப் பக்கம் இருக்கான்னு கேட்டாராம். அப்பா உடனே வீட்டுக்கு வந்து மேப்பைப் பாத்தாரு. எரிமலை கக்குற இடம் தென்மேற்கு மூலையில, உன் ஊரு வடக்குல, நடுவுல ஒரு பகல் காரோட்டம்னு தெரிஞ்சப்புறம்தான் சாப்பிட உக்காந்தாரு. ஆயிரம் வருஷத்துக்கு முந்தி எழுதினதை இன்னைக்கும் அங்க சின்னப் பிள்ளைங்க படிச்சிடுவாங்க, வெளிநாட்டு வார்த்தைய அப்படியே எடுத்துக்காம தங்களோட மொழியிலயே புதுசா செஞ்சுக்குவாங்க, கம்ப்யூட்டருக்கு நம்பருங்கிற சொல்லையும் குறிசொல்றவங்கிற சொல்லையும் சேர்த்து ஒரு வார்த்தையாம். நாம கணினின்னு சொல்றோமே அது மாதிரிதான்லான்னு ரெண்டு பேரும் கடையில எல்லா மேசைக்கும் கேக்குற மாதிரி பெருமைப்பட்டிருக்காங்க, ரெண்டு பேரும் வாயைத் திறந்தா கம்ப்யூட்டர்னுதான் சொல்லுவாங்க.

கொசு கதையில எனக்கே சிரிப்பு தாங்கல. அந்த நாட்டுல கொசுவே கிடையாதாம், போன வருஷம்தான் முதல் தடவையா மூணே மூணு கொசு பிடிச்சு அது உலகச் செய்தி ஆயிடுச்சாம். நம்ம தாமான்ல டிங்கிக் காய்ச்சலுக்குப் புகை அடிக்க வந்த ஆளுங்ககிட்ட அப்பா அதைச் சொல்ல, அவங்க அங்க வேலை கிடைக்குமான்னு கேட்டாங்க. பாறைக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஜனம் குடியிருக்குன்னு சொல்லி ரோட்டையே ஒதுக்கிப் போட்ட இடம் இருக்காமே, அதுக்கு மட்டும் அவர் ஆச்சரியப்படல. ரெங்கம் போற வழியில முனியாண்டி மரத்தை வெட்ட முடியாம ரோட்டை வளைச்சுக் கொண்டு போகலியா, எல்லா ஊர்லயும் கான்ட்ராக்டர் பயந்தவன்தான்னு சொன்னாரு.

இதுல நானா கேட்டது ஒன்னே ஒன்னு, பொம்பளைங்க கதை. எனக்குப் பத்து வயசு இருக்கும்போது அந்த நாட்டுப் பொம்பளைங்க கிட்டத்தட்ட எல்லாருமே ஒரு நாள் ஆபீசுக்கும் போகாம, சமைக்காம, பிள்ளையும் பாக்காம ரோட்டுக்கு வந்து நின்னாங்கன்னும், அன்னைக்கு ஆம்பளைங்க சமைக்கத் தெரியாம கடைகள்ல சாசேஜ் எல்லாம் தீந்து போச்சுன்னும் நீ சொன்னே. அதுக்கு அஞ்சு வருஷம் கழிச்சு ஒரு பொம்பளையவே ஜனாதிபதியா ஓட்டுப் போட்டு எடுத்தாங்க, அவங்க தனியாளா ஒரு பெண் குழந்தைய வளர்த்தவங்கன்னும் சொன்னே. அதை நான் அப்பாகிட்ட சொன்னேன். அங்க பிள்ளைக்கு யார் பேரு போடுவாங்கன்னு கேட்டாரு. நான் உன்னைக் கேட்டேன். நீ சொன்ன பதிலை அவர் ரெண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னாரு. அது எதுக்குன்னு எனக்கு அப்பத் தெரியாது.

இப்ப ரெங்கத்துல, அத்தை வீட்டுல நடந்த விஷயத்துக்கு வர்றேன். ஜனவரி நடுவுல ராசம்மா அத்தை பேத்திக்கு நிச்சயம் வச்சிருந்தாங்க. அத்தை அப்பாவுக்கு அக்கா மட்டும் இல்லன்னு உனக்கே தெரியும், தாய் இல்லாத தம்பிய இடுப்புல தூக்கி வளர்த்தவங்க, இன்னைக்கு வரைக்கும் அவங்க எதிர்ல அப்பா கால் மேல கால் போட்டு உக்காந்ததில்ல. உன் விஷயம் அவங்களுக்கு எப்படியோ போயிருக்கு, நான் யாருக்கும் சொல்லல. ஹால்ல சாப்பாடு நடந்துக்கிட்டு இருக்கு, ஒரு நீள மேசையில சொந்தக்காரங்க எல்லாரும் உக்காந்திருக்கோம், அத்தை பாயசம் பரிமாறிக்கிட்டே வந்து அப்பா முன்னால நின்னாங்க. ஏன் தம்பி, பிரவீனா பிள்ளைக்குப் பேரு எழுதும்போது, இன்னார் மகன்னு காட்ட அனாக் லெலாக்கின்னு போட்டு அந்தப் பக்கம் யாரு பேரை எழுதப் போற, வெறும் கோடான்னு கேட்டாங்க. சத்தமாத்தான் கேட்டாங்க.  எனக்கு அப்படியே பூமி பிளந்தா தேவலைன்னு இருந்துச்சு.

அப்பா வாயில இருந்ததை முழுங்கிட்டு எழுந்து நின்னாரு. அவர் கோவப்படுவாருன்னு நினைச்சேன், அவரோ கோப்பிக் கடையில அர்ச்சுனன் மாமாவுக்குச் சொல்ற மாதிரி சாதாரணமா ஆரம்பிச்சாரு. அக்கா, அந்த ஊர்லயும் நம்மள மாதிரிதான், குடும்பப் பேருன்னு பெரும்பாலும் கிடையாது, நாம இன்னாரோட மகன், இன்னாரோட மகன்னு ஐசி அட்டையில போடுற மாதிரியே அவங்களும் போடுவாங்க, போன் புத்தகத்துல கூட சொந்தப் பேரு வரிசையிலதான் இருக்கும், நாட்டுத் தலைவரையே பேரு சொல்லித்தான் கூப்பிடுவாங்கன்னாரு. அத்தை இவன் என்ன பேசுறான்னு கரண்டியோட நிக்கிறாங்க. அங்க அப்பா பேரும் போடலாம், அம்மா பேரும் போடலாம், சட்டத்துலயே இருக்கு. நம்ம பிள்ளைக்கு, அவங்க இலக்கணப்படி பிரவீனாங்கிற பேரு பிரவீனுன்னு ஆகும், பையன் பிறந்தா பிரவீனுசோன், பொண்ணு பிறந்தா பிரவீனுதோத்திர், பிரவீனாவோட மகன், பிரவீனாவோட மகள்னு அர்த்தம், இதுல கோடு எங்க வருதுன்னு கேட்டாரு. அந்தத் தோத்திர்ங்கிற வார்த்தைய வீட்டுல தனியா சொல்லிப் பழகியிருக்கணும், அவ்வளவு சரியா வந்துச்சு. உனக்கு வெக்கமா இல்லையாடான்னு அத்தை கேட்டாங்க. முதல்ல இருந்துச்சுக்கா, இப்ப இல்லன்னாரு.

அப்படின்னா கல்யாணத்துக்கு நீங்க யாரும் வர வேண்டாம்னு அத்தை சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க. நாங்க கை கழுவிட்டுக் கிளம்பினோம். அத்தை மகன் கமலநாதன் பின்னாலயே ஓடி வந்து ஒரு சாப்பாட்டுப் பொட்டலத்தைக் காருக்குள்ள வச்சு, மாமா, அம்மா ஏதோ படபடப்புல சொல்லிட்டாங்க, மனசுல வச்சுக்காதீங்கன்னான். அப்பா அவன் தோளைத் தட்டிட்டு வண்டிய எடுத்தாரு. ரெண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம், மழை வேற, பாதி வழியில ஓரமா நிறுத்திட்டாரு. நான் அக்காவை எதிர்த்துப் பேசிட்டேனா கஸ்தூரின்னு கேட்டாரு. ஆமான்னேன். தப்பான்னாரு. தப்பில்ல, நீங்க சரியாத்தான் பேசினீங்கன்னேன். சரியாப் பேசியிருந்தா ஏன் இங்க இப்படி இருக்குன்னு நெஞ்சைத் தொட்டுக் காட்டினாரு.  அப்புறம் கைக்குட்டையால முகத்தைத் துடைச்சிட்டு மறுபடி வண்டிய எடுத்தாரு.

அத்தை இன்னும் பேசல. அப்பா ரெண்டு தடவை போன் பண்ணினாரு, எடுக்கல. தைப்பூசத்துக்குக் கோயில்ல எதிர்ல பாத்தும் முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க, அப்பா பால்குடத்துக்கு வழி விட்டு நிக்கிற மாதிரி ஒதுங்கி நின்னாரு. நீ வருத்தப்படணும்னு இதை எழுதல. நீ செஞ்சதுக்கு நீதான் பொறுப்பு, அவர் பேசினதுக்கு அவர்தான் பொறுப்பு, அவர் அதைத் திரும்ப வாங்கிக்கவும் இல்ல. ஆனா உனக்காக ஒருத்தர் என்ன கொடுத்திருக்காருன்னு உனக்குத் தெரியாமலே போகக் கூடாது, அதுக்குத்தான் எழுதுறேன். அத்தை மனசு மாறலாம், மாறாமலும் போகலாம், அது அவங்க கையில.

போன வாரம் மின்சார ரயில்ல ஜொகூர் பாருக்குப் போயி எங்க ரெண்டு பேரு பாஸ்போர்ட்டையும் புதுப்பிச்சிட்டு வந்துட்டாரு. நான் பிரசவம் பாக்க வர்றேன்னு உன்கிட்ட சொன்னேன்ல, கஸ்தூரி, நீ தனியா எப்படி அவ்வளவு தூரம் போவ, நடுவுல பிளேன் வேற மாறணும், உனக்காகத்தான் வர்றேன்னு என்கிட்ட சொல்றாரு. எனக்காகவே இருக்கட்டும். பழைய துணி விக்கிற பண்டல் கடையில முட்டிக்குக் கீழ வரைக்கும் தொங்குற ஒரு குளிர்ச்சட்டை வாங்கியிருக்காரு, அதைப் போட்டுக்கிட்டுக் காத்தாடிய நிறுத்திட்டு ஹால்ல நடந்து பாக்கிறாரு, வேர்த்து ஊத்துது, பரவாயில்ல நல்லா தாங்குதுன்றாரு.

நீ உடம்பைப் பாத்துக்கோ. பனி உறைஞ்ச ரோட்ல வேகமா நடக்காத, அந்த ஆணி வச்ச பாதத்தை ஷூவுல மாட்டிக்காம வெளிய கால் வைக்காத. மீன் ஃபேக்டரி லேப்ல ரொம்ப நேரம் நிக்காத, நாற்காலி கேட்டு வாங்கு. வெய்யில் இல்லாத ஊருக்கு மீனெண்ணெய் குடிக்கணும்னு டாக்டர் சொன்னாருன்னா மூக்கைப் பிடிச்சுக்கிட்டாவது குடி. ஏப்ரல்ல பகல் நல்லா நீண்டுடும்னு அப்பா சொல்றாரு, ஜூன் வந்தா ராத்திரியிலயும் இருட்டவே இருட்டாதாம், பிள்ளை எப்படித் தூங்கும்னு இப்பவே கவலை, கறுப்புத் துணியில ஜன்னலுக்குத் திரை தைக்கச் சொல்லியிருக்காரு, அளவு எடுத்து அனுப்பு. அந்த ஊர்ல பச்சைப் பிள்ளையைத் தள்ளுவண்டியில போட்டு வீட்டுக்கு வெளிய, குளிர்லயே தூங்க வைப்பாங்கன்னு சொன்னியே, அதுதான் நல்லதுன்னு உங்க தாதியம்மா சொல்றாங்கன்னு வேற சொன்னே. அவங்க ஊரு, அவங்களுக்குத் தெரியும், நான் ஒன்னும் சொல்லல. ஆனா நான் வந்து சேர்ற வரைக்கும் வெளிய வைக்காத. வந்தப்புறம் ஒரு நாள் நானும் பக்கத்துல உக்காந்து பாக்கிறேன், அப்புறம் முடிவு பண்ணிக்கலாம். பேரு நீயே வை. ஜாதகம் பாத்து எழுத்து சொல்றேன்னு யாராவது போன் பண்ணினா அம்மாகிட்ட கேளுங்கன்னு சொல்லிடு.

இன்னும் ஒன்னே ஒன்னுதான். இதைப் படிச்சப்புறம் வர்ற ஞாயித்துக்கிழமை நீ போன் பண்ணும்போது நான் எடுத்ததும், அப்பாகிட்ட கொடுங்கன்னு சொல்லு. நான் கொடுத்துட்டு எதிர்வீட்டுக்குப் போயிடறேன். ஒதுங்கி ஓட அவருக்கு நேரம் கொடுக்க மாட்டேன். ரெங்கத்துல நடந்ததை நீ எடுக்காத, அழாத, மன்னிச்சுடுங்கப்பான்னு ஆரம்பிக்காத, அப்புறம் அவரால பேச முடியாது. அவரா ஏதாவது கேப்பாரு. வெளிய இப்ப எத்தனை டிகிரி, பகல் எவ்வளவு நேரம் இருக்குன்னு இந்த மாதிரிதான் கேப்பாரு, அவருக்கு அவ்வளவுதான் வரும். நீ சுருக்கமா முடிச்சிடாத கண்ணு. நீளமா பதில் சொல்லு.

நீயும் பிள்ளையும் நோய் நொடி இல்லாம, தீர்க்காயுசா, யாருக்கும் தலை குனியாம இருக்கணும்னு சுப்பிரமணியரை வேண்டிக்கிட்டு ஆசீர்வாதம் பண்றேன். மருந்துப் பொடிய ஃபிரிட்ஜ்ல வைக்காத, கட்டி ஆயிடும், டப்பாவை இறுக்கி மூடு.

உன் அம்மா,
கஸ்தூரி